குறிப்பு சரியாக இருந்தும் மைண்ட் மேப் கோணலாக வருகிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

பெருந்துறைப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு சின்னக் குழுவுக்கு மூன்று வருடமாக மைண்ட் மேப், அதாவது நடுவில் தலைப்பும் அதிலிருந்து பிரியும் கிளைகளுமாக வரும் படம், போட்டுக் கொடுக்கிறேன். கையால் வரைவது கிடையாது. அவர்கள் தட்டச்சு செய்து அனுப்பும் வெறும் எழுத்துக் குறிப்பை ஒரு கருவிக்குள் போட்டால் அதுவே கிளை பிரித்துப் படமாக்கிவிடும், பத்து நிமிட வேலை. ஆனால் வாரத்துக்கு இரண்டு பேராவது "அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க வந்துச்சு, இன்னைக்கு எல்லாம் ஒரே வரிசையில வந்து நிக்குதுங்க" என்று போன் போடுவார்கள். திரும்பத் திரும்ப அதே ஐந்தாறு கோளாறுதான். அவசரத்தில் கருவியை மாற்றுவார்கள், வேறொன்றை இறக்குவார்கள், அங்கேயும் அதே கதை, ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் கருவியில் இல்லை, குறிப்பின் இடது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள், மற்றதைப் படிக்க வேண்டியதில்லை.

நான் பயன்படுத்துவது நாலு கருவி: கணினியில் நிறுவிக்கொண்டு ஒட்டினால் போதும் என்கிற ஃப்ரீப்ளேன், மார்க்டவுன் (கோடு, # போன்ற குறிகளால் பட்டியலையும் தலைப்பையும் காட்டி எழுதும் முறை) குறிப்பை அப்படியே உலாவியில் விரிக்கும் மார்க்மேப், உள்தள்ளலை (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை) மட்டும் பார்த்துப் படம் போடும் மெர்மெய்ட், நட்சத்திரக் குறியை எண்ணிக் கிளை பிரிக்கும் பிளான்ட்யூஎம்எல். கணினி பழக்கம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் ஃப்ரீப்ளேனைத்தான் கொடுப்பேன்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இந்த இரண்டு

ஒன்று, மூலக் குறிப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். சரிசெய்கிறேன் என்று ஒரே கோப்பில் கைவைத்து இருந்ததையும் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டு, கீழே இருக்கும் ஐந்து வரியைக் கையால் தட்டச்சு செய்து, காப்பி செய்யாமல், அதே கருவியில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் நாலு இடைவெளி.

```
காவிரி
    பவானி
        மோயாறு
    நொய்யல்
    அமராவதி
```

மார்க்மேப் என்றால் ஒவ்வொரு வரியின் எழுத்துக்கு முன்னால் ஒரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்க்க வேண்டும். பிளான்ட்யூஎம்எல் என்றால் உள்தள்ளலை எடுத்துவிட்டு காவிரிக்கு ஒரு நட்சத்திரம், பவானிக்கு இரண்டு, மோயாற்றுக்கு மூன்று. மெர்மெய்டுக்கும் பிளான்ட்யூஎம்எல்லுக்கும் தொடக்க வரியும் வேண்டும், அது கீழே "சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி" பகுதியில் இருக்கிறது. காவிரி நடுவில் வந்து, பவானியின் கிளையில் மோயாறு தொங்கினால் கருவி நன்றாக இருக்கிறது, குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஐந்து வரியே வரவில்லை என்றால் குறிப்பை நோண்ட வேண்டாம், நேராகக் கீழே "படமே வரவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: எல்லாக் கிளையும் ஒரே மட்டத்தில் நிற்கிறது, அல்லது பிள்ளை தப்பான தாயிடம் ஒட்டியிருக்கிறது

அதிகம் வருவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

### டேப்பும் இடைவெளியும் கலந்திருக்கிறதா?

ஒரு வரியை டேப் தட்டி உள்ளே தள்ளியிருப்பீர்கள், அடுத்த வரியை ஸ்பேஸ் பாரால். கண்ணுக்கு இரண்டும் ஒரே நேரில் நிற்கும். கருவிக்கு அப்படி இல்லை, ஒவ்வொரு கருவியும் டேப்பை ஒவ்வொரு கணக்கில் எடுக்கிறது, அதனால்தான் ஒரே குறிப்பு ஒரு கருவியில் சரியாகவும் இன்னொன்றில் கோணலாகவும் வருகிறது.

பார்ப்பது எப்படி: நோட்பேட்++ அல்லது விஎஸ் கோடில் குறிப்பைத் திறந்து, இடைவெளிகளைக் காட்டும் வசதியை இயக்குங்கள். இடைவெளி ஒவ்வொன்றும் சின்னப் புள்ளியாகவும் டேப் அம்புக்குறியாகவும் தெரியும். இடது ஓரத்தில் புள்ளியும் அம்பும் மாறி மாறி வந்தால் அதுதான் கோளாறு. இரண்டு மென்பொருளிலுமே டேப்பை இடைவெளியாக மாற்ற ஒரே சொடுக்கில் வசதி உண்டு, அளவை 4 என்று வைத்து மாற்றுங்கள். சாதாரண நோட்பேடில் இதெல்லாம் தெரியாது, அதை வைத்துக்கொண்டு தேடுவது வீண்.

### புள்ளி தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லையா?

புள்ளியும் இல்லை, அம்பும் இல்லை, ஆனால் எழுத்து உள்ளே தள்ளித்தான் நிற்கிறது என்றால் அது சாதாரண இடைவெளி இல்லை. வேர்டிலிருந்தும் இணையப் பக்கத்திலிருந்தும் காப்பி செய்யும்போது வரி உடையாமல் இருக்கப் போடும் ஒரு தனி வகை இடைவெளி கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கருவி அதை ஓர் எழுத்தாக நினைத்துக்கொள்ளும், உள்தள்ளலாக எண்ணாது. விஎஸ் கோட் இப்படிப்பட்டதைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டி போட்டே காட்டிவிடும். அந்த ஒற்றை இடைவெளியை மட்டும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியில் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டி, எல்லாவற்றையும் மாற்றுங்கள். முடிந்தது.

காங்கேயத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் குறிப்பில் 180 வரி, அதில் 40 வரிக்கு மேல் இந்த இடைவெளிதான் இருந்தது. இரண்டு நாளாக ஒவ்வொரு வரியாக அழித்து அழித்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தேடி மாற்றியதும் ஒரு நொடியில் மரம் நிமிர்ந்துவிட்டது.

### வரியின் முதல் குறியே மாறியிருக்கிறதா?

வேர்ட் நீங்கள் போட்ட சின்னக் கோட்டைத் தானாக நீளக் கோடாக மாற்றிவிடும், பட்டியலுக்கு உருண்டைப் புள்ளி போட்டுவிடும். நீளக் கோடும் உருண்டைப் புள்ளியும் மார்க்டவுனுக்குப் பட்டியல் குறி கிடையாது. சின்னக் கோடு, நட்சத்திரம், கூட்டல் குறி, இவை மூன்றும்தான் செல்லும். தேடி மாற்றினால் போதும்.

அடுத்தது, குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். #பவானி என்று ஒட்டி எழுதினால் அது தலைப்பு ஆகாது, # பவானி என்று விட்டு எழுதினால்தான் ஆகும். பிளான்ட்யூஎம்எல் நட்சத்திரங்களுக்கும் இதே விதிதான். வாட்ஸப்பில் தடித்த எழுத்துக்காக *பவானி* என்று இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டு அனுப்பியிருப்பார்கள், அதைக் காப்பி செய்யும்போது அந்தக் குறியும் கூடவே வந்து குழப்பும். பல செய்திகளைச் சேர்த்துக் காப்பி செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், அதையும் எடுத்துவிடுங்கள்.

பிளான்ட்யூஎம்எல்லில் இன்னொன்று: கோடும் கூட்டல் குறியும் அங்கே பக்கத்தைக் குறிக்கும். கூட்டல் போட்டால் கிளை வலது பக்கம், கோடு போட்டால் இடது பக்கம். மார்க்டவுன் பழக்கத்தில் கோடு போட்டுவிட்டு "எல்லாம் இடப்பக்கமே போகுது" என்று கேட்பவர்கள் உண்டு, நட்சத்திரத்துக்கு மாறுங்கள்.

### ஒன்பது வரை சரி, பத்தாவதில் கலைகிறதா?

இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு மாலை நேரம் பிடித்தது. மார்க்டவுனில் எண் போட்டுப் பட்டியல் எழுதி, உள் வரிகளை மூன்று இடைவெளி விட்டுத் தள்ளியிருப்பார்கள். "9. " என்பது மூன்று இடம், அதனால் மூன்று இடைவெளி போதும், பிள்ளை உள்ளேயே இருக்கும். "10. " என்றதும் நாலு இடம் ஆகிவிடுகிறது. மூன்று இடைவெளியில் நிற்கும் பிள்ளை இப்போது வெளியே வந்து தனிக் கிளையாகிவிடும். முதலிலிருந்தே நாலு இடைவெளி என்று பழகிக்கொண்டால் 99 வரை தொந்தரவே இல்லை.

### இத்தனைக்கும் பிறகும் வரவில்லையா?

குறிப்பில் உள்தள்ளலே இல்லாமல் 1, 1.1, 1.1.1 என்று எண் மட்டும் இருந்தால், நோட்பேட்++ஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ஒரே வடிவில் வருவதையெல்லாம் தேடிப் பிடிக்கும் முறை) போட்டு மூன்று எண் வருவதை மூன்று நட்சத்திரமாகவும் இரண்டு எண் வருவதை இரண்டு நட்சத்திரமாகவும் மாற்றலாம். நீளமான எண்ணிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும், தலைகீழாகச் செய்தால் 1.1.1-இன் முன்பகுதியை 1.1 என்று பிடித்துக்கொண்டு கெடுத்துவிடும்.

எண்ணும் இல்லை, உள்தள்ளலும் இல்லை, வெறும் வரிகள்தான் என்றால் எந்தக் கருவியாலும் முடியாது, பொருள் தெரிந்தவர் உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும். ஏஐ அரட்டைக் கருவியிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம், நானும் சொல்வதுண்டு, ஆனால் அது வருடத்தை மாற்றிவிடும், இரண்டு வரியை ஒன்றாக்கிவிடும். கொடுத்த வரி எத்தனை, வந்த வரி எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் அதைப் படிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். தேர்வுக்குப் படிப்பவருக்கு ஒரு தப்பு வருடம் ஒரு மதிப்பெண்.

## அறிகுறி: படமே வரவில்லை

### வெள்ளைப் பக்கம் மட்டும் வருகிறது

மார்க்மேப் உருவாக்கும் பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை என்றால் முதலில் இணையம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் தனக்கு வேண்டிய நிரல்களை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்துதான் எடுக்கிறது. குழுவில் ஒரு தம்பி தாளவாடிக்காரர், வீட்டுக்குப் போகும்போது கோப்பைக் கொண்டுபோய், திம்பம் மலைப்பாதையில் பஸ்ஸில் திறந்து பார்த்துவிட்டுக் கோப்பு கெட்டுப்போச்சு என்றார். கெடவில்லை, சிக்னல் இல்லை, அவ்வளவுதான். கட்டளை வரியில் (கட்டளையைத் தட்டச்சு செய்து கொடுக்கும் திரையில்) மார்க்மேப்பை ஓட்டும்போது ஆஃப்லைன் என்ற தேர்வைச் சேர்த்தால் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடைத்துக் கொடுக்கும், அதை எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம்.

### சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வருகிறது

மெர்மெய்டில் முதல் வரியில் மைண்ட்மேப் என்ற சொல் ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். பிளான்ட்யூஎம்எல்லில் தொடக்க வரி (@startmindmap), முடிவு வரி (@endmindmap) இரண்டும் வேண்டும், முடிவு வரியை மறப்பதுதான் வழக்கம்.

ஒரே ஒரு வேர்தான், அதாவது நடுத் தலைப்புதான், இருக்கலாம் என்று மெர்மெய்ட் சொன்னால், இடது ஓரத்தை ஒட்டி இரண்டு வரி இருக்கிறது என்று அர்த்தம். பவானியும் நொய்யலும் இரண்டும் ஓரத்திலேயே நின்றால் எதை நடுவில் வைப்பது என்று அதற்குத் தெரியாது. மேலே "காவிரி" என்று ஒரு வரி போட்டு மற்றதையெல்லாம் ஒரு படி உள்ளே தள்ளுங்கள்.

அப்புறம் அடைப்புக்குறி. மெர்மெய்டில் அடைப்புக்குறி என்பது எழுத்து இல்லை, பெட்டியின் வடிவம். பவானிசாகர் (1955) என்று எழுதினால் அணையின் பெயர் காணாமல் போய், மூலை வளைந்த பெட்டிக்குள் 1955 மட்டும் உட்கார்ந்திருக்கும். அடைப்புக்குறிக்குப் பின்னால் இன்னும் எழுத்து இருந்தால் படமே வராது. எளிய வழி, குறிப்பு எழுதும்போதே பவானிசாகர், 1955 என்று காற்புள்ளி போட்டுவிடுவது. அடைப்புக்குறி கட்டாயம் வேண்டுமென்றால் முழு வரியையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, அதைச் சதுர அடைப்புக்குள் போட்டு, முன்னால் ஒரு சின்ன அடையாளப் பெயர் கொடுக்க வேண்டும். 200 வரிக்கு அதைச் செய்வதைவிடக் காற்புள்ளி நல்லது என்பது என் கருத்து.

### எந்த வரி தப்பு என்றே தெரியவில்லை

பிழைச் செய்தியில் வரும் வரி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், சில சமயம் தப்பு அதற்கு முந்தின வரியில் இருக்கும். பாதிக் குறிப்பை வெட்டி வேறு கோப்பில் வைத்துவிட்டு மீதியை ஓட்டுங்கள். படம் வந்தால் தப்பு வெட்டிய பாதியில், வராவிட்டால் மிச்சத்தில். தப்பு இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 200 வரிக் குறிப்பாக இருந்தாலும் எட்டு முறைக்குள் அந்த ஒற்றை வரி கையில் சிக்கிவிடும். வெட்டும்போது மேலே இருக்கும் வேர் வரியையும் தொடக்க வரியையும் மட்டும் எப்போதும் விட்டுவையுங்கள்.

### ஐந்து வரி மாதிரியே ஓடவில்லை

நீங்கள் பயன்படுத்தும் இடத்தில் இருக்கும் மெர்மெய்ட் பழைய பதிப்பாக இருக்கலாம், மைண்ட் மேப் வசதி அதற்குப் பிறகுதான் சேர்ந்தது. பிளான்ட்யூஎம்எல்லும் ஃப்ரீப்ளேனும் ஜாவாவில் ஓடுபவை, ஜாவா இல்லையென்றால் எழாது. ஃப்ரீப்ளேனுக்கு ஜாவாவைச் சேர்த்தே தரும் விண்டோஸ் நிறுவி இருக்கிறது, அதை எடுங்கள். அலுவலகக் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ நிறுவவே விடவில்லை என்றால் அங்கே கணினியைப் பார்த்துக்கொள்பவரிடம்தான் கேட்க வேண்டும், பூட்டை உடைக்கும் வேலை வேண்டாம்.

## அறிகுறி: சில வரிகள் மட்டும் காணவில்லை, அல்லது வெற்றுக் கிளை ஒன்று முளைத்திருக்கிறது

மார்க்மேப்பில் முதலில் கிளை முனையில் இருக்கும் சின்ன வட்டத்தைச் சொடுக்கிப் பாருங்கள். மடங்கிக் கிடக்கலாம், தொலைந்திருக்காது.

மடங்கவில்லை என்றால், அந்த வரி பத்தியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மார்க்மேப் தலைப்பையும் பட்டியலையும்தான் கிளையாக்கும், தலைப்புக்குக் கீழே சும்மா எழுதிய வாக்கியத்தை விட்டுவிடும். முன்னால் ஒரு கோடு போட்டால் வந்துவிடும்.

வெற்றுக் கிளை முளைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வருடம்தான். வரலாற்றுக் குறிப்பில் இப்படி எழுதியிருப்பார்கள்:

```
- 1979. ஈரோடு மாவட்டம் உருவானது
```

எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் இடைவெளியும் வந்தால் மார்க்டவுன் அதை எண் பட்டியலின் 1979-ஆவது வரி என்று எடுத்துக்கொள்ளும். கோடு ஒரு பட்டியல், எண் இன்னொரு பட்டியல், ஆக ஒரு வெற்று முடிச்சு, அதற்குள் ஒரு கிளை. 1979-இல் என்று எழுதுங்கள், அல்லது புள்ளியை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போடுங்கள். வரலாறு எடுத்துப் படிப்பவர்கள் எல்லாருடைய குறிப்பிலும் இது ஒரு தடவையாவது வந்திருக்கிறது.

## அறிகுறி: தமிழ் எழுத்து கெட்டுப்போய் வருகிறது

எப்படிக் கெட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

### வெறும் பெட்டி பெட்டியாக

எழுத்து பத்திரமாக இருக்கிறது, காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவே. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், நிறுவிவிட்டுக் கருவியின் அமைப்பில் அந்தப் பெயரைக் கொடுங்கள். விண்டோஸ் கணினியானால் நிர்மலா யுஐ ஏற்கெனவே இருக்கும்.

### தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும்

கடைச் சரக்கு டப்பாக்களில் பிராண்டு பெயர் ஓரத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று ஒரு குறி இருக்குமே, அது வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் (எழுத்தைக் கணினி எண்ணாகச் சேமிக்கும் முறை) இருக்கிறது, ஆனால் கருவி அதை வேறு முறையில் படிக்கிறது. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டு, அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் வரும். பயப்பட ஒன்றுமில்லை, எதுவும் அழியவில்லை. பிளான்ட்யூஎம்எல்லைக் கட்டளை வரியில் ஓட்டும்போது எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று சேர்த்துக் கொடுங்கள். இந்த நிலையில் மட்டும் கோப்பை மறுபடி சேமித்துவிடாதீர்கள், சேமித்தால் அந்தக் குப்பையே நிரந்தரமாகிவிடும்.

### கேள்விக்குறி வரிசை

????? என்று வந்தால் வருத்தமான செய்தி. பழைய நோட்பேடில் தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய எழுத்துமுறையில் சேமித்திருக்கிறார்கள், தமிழ் எழுத்து இருந்த இடத்தில் உண்மையாகவே கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டது, எந்த நிபுணராலும் அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. வாட்ஸப்பில் அனுப்பிய நகல், மின்னஞ்சல் இணைப்பு, வேர்ட் மூலம் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸ் 10-இல் 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8-இல் சேமிக்கிறது, அதற்கு முந்தின கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் சேமிக்கும் பெட்டியின் அடியில் அதை நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

### கொம்பு பிரிந்து நிற்கிறது, புள்ளி போட்ட வட்டம் தெரிகிறது

"கெ" என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றால், படத்தை உருவாக்கிய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. உலாவியில் திறந்து அங்கிருந்தே பிடிஎஃப் ஆக அச்சிடுங்கள், உலாவிகள் இதைச் சரியாகச் செய்கின்றன.

புள்ளி வட்டம் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வந்தால் தட்டச்சுப் பிழை, மெய்க்கு முன்னால் கொம்பைத் தட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் எழுத்து அறுந்து வந்தால், யாரோ பைதானில் எழுதிய சின்ன நிரல் நீளத்தைக் குறைக்க இத்தனை எழுத்து என்று வெட்டுகிறது. கொங்கு என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைதானுக்கு ஆறு. ஐந்தில் வெட்டினால் உகரம் போய் "கொங்க" என்று நிற்கும். எழுத்தை எண்ணி வெட்டாமல் சொல்லை எண்ணி வெட்டச் சொல்லுங்கள்.

### தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான்

இது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் டிடிபி கடைகளில் அடித்து வாங்கிய பழைய பாடக் குறிப்புகள் இன்னும் இப்படித்தான் சுற்றுகின்றன. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, ஒரு பக்கத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கி உளறலாக்கிவிடும், அவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள். பேஜ்மேக்கர் கோப்பு, இரண்டு மூன்று பழைய எழுத்துரு கலந்தது, அட்டவணை நிறைந்தது என்றால் நேரத்தை வீணாக்காமல் பழைய டிடிபி ஆளிடம் கொடுத்துவிடுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசிக்கொண்டு, யூனிகோடில் வெறும் எழுத்துக் கோப்பாக வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் அழகாக வடிவமைத்த பிடிஎஃப் வந்து சேரும், அதை வைத்து மைண்ட் மேப் போட முடியாது.

## அறிகுறி: திரையில் அழகாக இருக்கிறது, அச்சில் வீணாகிறது

ஓரம் வெட்டுப்பட்டு வந்தால், பிளான்ட்யூஎம்எல் பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது படத்தை அகலமோ உயரமோ 4096 பிக்சலைத் தாண்ட விடாது, அதற்கு மேல் இருப்பது வெட்டப்படும். எல்லை அளவை 8192 என்று கூட்டிக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கிறது, அல்லது எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படக் கோப்பு) ஆக எடுத்துவிடலாம்.

எஸ்விஜி எடுத்து ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் கோடுகள் மட்டும் வருகின்றன, எழுத்து எதுவும் இல்லை என்றால் அது மார்க்மேப் கோப்பாக இருக்கும். மார்க்மேப் எழுத்தை எஸ்விஜி எழுத்தாக வைப்பதில்லை, உள்ளே ஓர் இணையப் பக்கத் துண்டாக வைக்கிறது. உலாவிக்கு அது புரியும், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குப் புரியாது, கடைக்காரர் திறக்கும் மென்பொருளுக்கும் புரியாது. கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். உலாவியில் திறந்து, எல்லாக் கிளையையும் விரித்து, படுக்கை வாக்கில் ஏ3 தாளில் பிடிஎஃப் ஆக அச்சிட்டு அதைக் கொடுங்கள்.

மங்கலாக வந்தால் வாட்ஸப்பில் படமாக அனுப்பியிருக்கிறீர்கள், டாகுமென்டாக அனுப்புங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்றால் குறிப்பைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஏ4 தாளில் 40, 50 கிளைக்கு மேல் போட்டால் யாரும் படிப்பதில்லை, இது என் அனுபவக் கணக்கு. முதல் தாளில் மூன்று ஆறுகள், பவானிக்குத் தனித் தாள், அமராவதிக்குத் தனித் தாள் என்று பிரித்துக் கொடுத்த பிறகுதான் எங்கள் குழுவில் அதைச் சுவரில் ஒட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள். வகுப்பறைச் சுவருக்கு ஆறடி ஃப்ளெக்ஸ் வேண்டுமென்றால் மட்டும் வடிவமைப்பாளரிடம் போங்கள், பிடிஎஃப் கொடுத்து எழுத்தையெல்லாம் கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் அவர் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது.

## அறிகுறி: ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வருகிறது, எங்கே வைத்தாலும் தப்பாகத் தெரிகிறது

மாவட்ட வரலாறு போடும்போது எல்லாரும் இங்கே வந்து முட்டிக்கொள்வார்கள். கோயம்புத்தூரிலிருந்து 1979-இல் ஈரோடு பிரிந்தது, சரி, ஒரு கிளை. 2009-இல் திருப்பூர் வந்தது, எதன் கிளை? அவிநாசி, பல்லடம், உடுமலைப்பேட்டை எல்லாம் கோவையிலிருந்து வந்தவை, தாராபுரமும் காங்கேயமும் ஈரோட்டிலிருந்து வந்தவை. திருப்பூருக்கு இரண்டு பெற்றோர். உள்தள்ளிய குறிப்பில் ஒரு வரிக்கு ஒரே ஒரு தாய்தான் இருக்க முடியும், அதனால் எப்படித் தள்ளி எழுதினாலும் பாதி உண்மைதான் வரும்.

செலவில்லாத வழி, திருப்பூரை ஒரு பக்கம் முழுதாக வைத்து, இன்னொரு பக்கம் "தாராபுரம், காங்கேயம்: திருப்பூரைப் பார்க்க" என்று ஒரு வரி போடுவது. தேர்வுக்குப் படிக்க இது போதும்.

அடுத்தது, ஃப்ரீப்ளேனில் ஒட்டிய பிறகு ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு ஓர் இணைப்புக் கோடு கையால் இழுப்பது. படம் அழகாக வரும், ஆனால் குறிப்பை மாற்றி மறுபடி ஒட்டினால் அந்தக் கோடு போய்விடும், கடைசியாகச் செய்யுங்கள்.

இப்படிப்பட்ட இடம் ஒன்றிரண்டு என்றால் இதுவே சரி. பத்துக்கு மேல் இருந்தால் உங்கள் கையில் இருப்பது மரம் இல்லை, வலை. மைண்ட் மேப் கருவியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு கிராஃப்விஸ் என்ற வலைப்படம் போடும் கருவிக்குப் போங்கள். அதில் வரிக்கு ஒரு சோடி எழுதுவது, கோவையிலிருந்து திருப்பூருக்கு ஓர் அம்பு, ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு ஓர் அம்பு, இரண்டு பெற்றோரையும் அது ஏற்றுக்கொள்ளும். எழுதும் முறை பழக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். அதற்கு நேரமில்லை, தேர்வு அடுத்த மாதம் என்றால் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரிடம் பட்டியலைக் கொடுங்கள், எது எதிலிருந்து வந்தது என்று இரண்டு பத்தியாக எக்ஸெலில் அடித்துக் கொடுத்தால் அவருக்கு அரை மணி நேர வேலைதான்.